கலர் மீன் அண்ணாச்சி

வீட்டில் வண்ண மீன் வளர்ப்போர் எல்லா ஊர்களிலும் உளர் எனினும், விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட கரிசல் பூமியில் காணப்படும் ‘கலர் மீன் அண்ணாச்சி’ என்னும் வகையினர் தனித்து ஆராயத்தக்கவர் ஆவர். ‘கலர் மீன்’ என்பது குழம்புக்கு அன்றிக் கண்ணுக்கென்றே வளர்க்கப்படும் சிறு மீன்களுக்கு மக்கள் இட்ட பெயர். மீன்வளத் துறையார் அதனையே ‘அலங்கார மீன்’ என்பர். ‘அண்ணாச்சி’ என்பது தென் மாவட்டங்களில் வயதில் மூத்தவரையும் கடையில் கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்திருப்பவரையும் ஒருசேர விளிக்கும் சொல். இவ்விரண்டும் கூடிய பட்டம் ஊரார் தந்தது. அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ள விரும்பும் பெயர் ‘அக்வாரிஸ்ட்’ என்பதாகும். எனினும், அவர் தெருவில் முகவரி கேட்பவர்க்கு ‘மீன்காரர் வீடா? அந்தப் பச்சை கேட்டு’ என்றே வழி சொல்லப்படுவதாலும், அவ்வழியே வந்து சேர்ந்த சிலர் கட்லா கிலோ என்ன விலை என்று வாசலில் நின்று வினவியிருப்பதாலும், பெயர் குறித்த வழக்கில் அவர் இறுதியில் அண்ணாச்சிக்கே உடன்பட்டுவிடுகிறார்.

இவ்வகையினரின் அருமையை உணர, முதலில் அவர்கள் வாழும் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டிலேயே சிவகாசியில் அதனைத் தொடங்கினர். பட்டாசும் அச்சுத் தொழிலும் அதன் பின்னே வளர்ந்தன. மழையும் காற்றின் ஈரமும் குறைந்து, வெயில் மட்டும் குறையாத ஊர் என்பதே இத்தொழில்களுக்கு வாய்த்த மூலதனம். தீக்குச்சி காய்வதற்கும், மருந்து நமுத்துப் போகாதிருப்பதற்கும் வறட்சியே துணை. ஈரத்தைப் பகையாகக் கொண்டு நூறாண்டு பிழைத்த அவ்வூரில்தான், ஒருவர் தம் வீட்டின் முன்னறையில் நான்கடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியை நிறுவுகிறார். ஒன்பது கன அடி கொண்ட அத்தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் நீர் கொள்ளும். அதாவது, கால் டன் ஈரம். ‘மழை வந்தா வேலை கெட்டுச்சு’ என்று வானத்தை வைதுகொண்டே ஆலையிலிருந்து வீடு திரும்பும் அவர், கைகால் கழுவும் முன்னரே தொட்டியின் நீர்மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருப்பதைக் கண்டு மனம் வாடுகிறார். இரு வருத்தங்களும் ஒரே நெஞ்சில் முரணின்றி உறைவது இவ்வகையினரின் முதல் இலக்கணம்.

இவ்வேட்கை பெரும்பாலும் பிள்ளைகளின் பெயரால் வீட்டுக்குள் நுழைகிறது. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலையொட்டி நடைபெறும் பொருட்காட்சிக்குச் சென்ற பிள்ளை அழுது புரண்டு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தையும் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷையும் பெற்றுவிடுகிறது. பொன்மீன் என்னும் இக்கெண்டையினத்து மீன் சீனத்துச் சரக்கு. சோங் அரச மரபின் காலத்தில் (960–1279) தான் அதனை நிறத்துக்காகப் பொறுக்கி வளர்க்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. மருந்தைத் தாளில் சுற்றி வெடித்து மகிழும் வழக்கமும் அதே சீனத்தில் அதே காலத்தில் பரவியதாகலின், ஓர் உறவினர் நூற்றாண்டுகள் கழித்து மற்றோர் உறவினரைத் தேடிச் சிவகாசிக்கு வந்ததாகவே இதனைக் கொள்ளலாம். ஆயினும், குளிர்ந்த நீருக்குரிய அம்மீன் சித்திரை வெயிலில் கிண்ணத்துக்குள் நெடுநாள் தங்குவதில்லை. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கும் உயிர்வளி குறையும். 25 பாகைச் சூட்டில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மிகுதியாக இருப்பது, 35 பாகையில் ஏழளவுக்கு இறங்கிவிடும். இரண்டாம் வாரத்தில் ஒரு மீனும், மூன்றாம் வாரத்தில் அதன் துணையும் மிதக்கின்றன. பிள்ளை அரைநாள் அழுதுவிட்டு மிதிவண்டிக்குத் திரும்பிவிடுகிறது. தந்தையோ, ‘ஏன் செத்தது?’ என்னும் கேள்வியோடு கடைக்குச் செல்கிறார். திரும்பி வருகையில் அவர் அண்ணாச்சியாகிவிட்டார்.

கடைக்காரர் அக்கேள்விக்குத் தரும் விடை எல்லா ஊரிலும் ஒன்றே: ‘உங்களுக்கு வரவேண்டிய கண்டம், அண்ணாச்சி. அதை மீன் வாங்கிக்கிடுச்சு.’ வியாபாரக் கணக்கில் காலணா பிசகாத மனிதரை இந்த ஒரு வாக்கியம் வீழ்த்திவிடுகிறது. இனி வரவேண்டிய கண்டங்களுக்கு முன்னேற்பாடாக அவர் பெரிய மீனாகவே வாங்குகிறார். 1990-களில் மலேசியாவில் பல மீன்களைக் கலந்து உருவாக்கப்பட்ட ஃபிளவர்ஹார்ன் என்னும் மீன் அவ்வாறுதான் வீடு புகுகிறது. நெற்றி புடைத்துத் தேங்காய் அளவு கொண்டையோடு உலவும் அதன் விலாவில் சீன எழுத்துபோல் கரும்புள்ளிகள் தென்படும் என்றும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்க்குச் செல்வம் சேரும் என்றும் சொல்வர். பேரேட்டைத் தவிர வேறெதையும் வாசித்தறியாத அண்ணாச்சி மாலைதோறும் பூதக்கண்ணாடியோடு அதன் விலாவை வாசிக்க முயல்கிறார். அம்மீனோ கண்ணாடிக்கு அப்பாலுள்ள எதையும் தன் எல்லைக்குள் வந்த எதிரியாகவே கருதி முட்ட வருவதால், வாசிப்பு இருதரப்பிலும் முடிவு பெறுவதில்லை.

அடுத்த கட்டம் அறிவியல். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா என்னும் நச்சாகின்றன. வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் தாமாகவே குடியேறும் ஒருவகை நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட் ஆக்க, வேறொரு வகையின அதனை நச்சு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இக்குடியேற்றம் நிறைவுற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனை மீன் வளர்ப்போர் ‘சைக்கிளிங்’ என்பர். ‘தொட்டி சைக்கிள் ஆகிக்கிட்டிருக்கு’ என்று அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு, பேரனுக்கு வண்டி வாங்குகிறார் என்று மாமனார் மகிழ்ந்து ஏமாந்ததும் உண்டு. நைட்ரேட் என்னும் சொல்லோ இவ்வட்டாரத்தில் மிகுந்த எச்சரிக்கையோடு கையாளப்படவேண்டியது. கருமருந்தின் உயிராகிய வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட். பச்சை ஒளி தரும் பேரியம் நைட்ரேட்டோ 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பு முதலாக உச்ச நீதிமன்றத்தின் தடைக்கு உட்பட்ட பொருள். ஆதலால், ‘நைட்ரேட் கூடிப்போச்சு, விடியிறதுக்குள்ள கால்வாசிய வெளியேத்திரணும்’ என்று அண்ணாச்சி அலைபேசியில் பதற்றத்தோடு பேசுவதை அடுத்த அறையிலிருந்து கேட்கும் பங்காளி, காரணம் வினவாமலே குடோன் சாவியைத் தேடத் தொடங்குகிறார்.

இதில் வேடிக்கையைக் கடந்த உறவொன்றும் உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் டச்சு, ஆங்கிலக் கம்பெனியார் பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற வெடியுப்பு, கால்நடைக் கழிவு ஊறிய மண்ணில் இதே போன்ற நுண்ணுயிரிகள் சமைத்துவைத்ததே. அது உயிர்களின் வேலை என்பதை 1877-இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் நிறுவினர். அவ்வகையில் நோக்கினால், அண்ணாச்சியின் முன்னறைத் தொட்டி உரிமம் பெறாது மிக மெதுவாக இயங்கும் ஒரு வெடியுப்பு ஆலையே ஆகும்.

ஆனால், ஆலைக்குத் தேவைப்படாத ஒன்று தொட்டிக்குத் தேவைப்படுகிறது. அங்கேதான் குடும்பத்தில் பிளவு தோன்றுகிறது. இவ்வட்டாரத்தில் நீர் இருவகைப்படும்: அணையிலிருந்தோ தாமிரபரணியிலிருந்தோ குழாய் வழியே சில நாள்களுக்கு ஒருமுறை வருவது நல்ல தண்ணீர்; வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் இறைப்பது உப்புத் தண்ணீர். சிவகாசிக்கு வெம்பக்கோட்டை அணையும், விருதுநகருக்கு ஆனைக்குட்டம் அணையும் நல்ல தண்ணீர் தருவன. அவ்வணைகளின் வயிறோ ஆண்டின் பெரும்பகுதி ஒட்டியே கிடக்கும். தொட்டி நீரில் கால்வாசியை வாரந்தோறும் மாற்றவேண்டும் என்பது மீன் வளர்ப்பு விதி. அண்ணாச்சியின் தொட்டிக்கு அது நான்கு குடத்துக்குச் சற்று மேல். அந்நான்கு குடங்களும் குளோரின் போவதற்காக ஒரு பகல் ஓரிரவு திறந்தே வைக்கப்படவேண்டும். அவற்றை எவரும் தொடக்கூடாது. குழாயடியில் பக்கத்து வீட்டு மதினியோடு வழக்காடிப் பிடித்த தண்ணீர், அடுப்படியைத் தாண்டி மீனுக்குப் போவதைக் காணும் அவர் மனைவி, ‘இந்த வீட்ல மீனாப் பிறந்திருந்தா நல்ல தண்ணி கிடைச்சிருக்கும்’ என்கிறார். இதற்கு மறுமொழியாக அண்ணாச்சி கூறும் அமில காரக் குறியீட்டு எண்கள் உண்மையானவை ஆயினும், அவ்வேளைக்குப் பொருந்துவன அல்ல.

இவ்வகையினரின் துயரம் முழுவதும் இங்கேதான் குடிகொண்டுள்ளது. கரிசல் நிலத்து உப்புத் தண்ணீர் சுண்ணச்சத்து மிக்க கடின நீர். சோப்பு நுரைக்காதது, பருப்பு வேகாதது. உலகிலுள்ள வண்ண மீன்களுள் அந்நீரை விரும்பி ஏற்கும் குடும்பம் ஒன்று உண்டு: கப்பி, மோலி, பிளாட்டி, சுவார்டுடெயில் எனப்படும் ‘குட்டி போடுற மீன்கள்’. முட்டையிடாது, உயிருள்ள குஞ்சுகளை ஈனுவதால் இப்பெயர் பெற்றன. குஞ்சு என்றே மீனுக்கு வழங்கும் தமிழ் மரபை மீறி, இவற்றுக்கு மட்டும் ‘குட்டி’ என்னும் விலங்குப் பெயரை மக்கள் அளித்தது மிகப் பொருத்தமானதே. மாடியில் கைவிடப்பட்ட பழைய ஃபிரிட்ஜ் பெட்டியை மல்லாத்தி, மோட்டாரைத் திறந்து நிரப்பி, பத்துக் கப்பிகளை விட்டுவிட்டுத் திருப்பதிக்குச் சென்று திரும்பினாலும் அவை நலமாகவே இருக்கும். கொசுப்புழுவைத் தின்று தம் பசியைத் தாமே தீர்த்துக்கொள்ளும். தாய் மீன் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனுவதோடு, ஒருமுறை கூடிய ஆணின் விந்தை மாதக்கணக்கில் உள்ளே சேமித்துவைத்துத் தொடர்ந்து ஈனும் ஆற்றலும் பெற்றது. நிலமும் நீரும் வெயிலும் கூடி அண்ணாச்சிக்கென்றே ஆக்கிவைத்த மீன் கப்பி. அதனாலேயே அவர் அதனை மதிப்பதில்லை.

அவர் உள்ளம் நாடுவது டிஸ்கஸ். தட்டுப்போல் வட்டமான இம்மீன் அமேசான் படுகையைச் சார்ந்தது. உப்பே அற்ற, சற்றுப் புளித்த, மழைநீர் போன்ற மென்னீரில் வாழ்வது. இவ்வட்டாரத்துக் கிணறுகளில் கிடைக்காத நீர் எதுவோ, அதுவே அதன் நீர். இதன்பொருட்டே, குடும்பத்தின் உடல்நலம் கருதி வாங்கியதாகச் சொல்லப்படும் ஆர்.ஓ. கருவி, ஒரு லிட்டரைத் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துக்கொண்டு, இரவு பகலாக மீனுக்கு உழைக்கிறது. டிஸ்கஸ் இணை தம் தோலில் ஊறும் வழுவழுப்பான சுரப்பையே குஞ்சுகளுக்கு ஊட்டி வளர்க்கும் என்பது உண்மையான வியப்பு. அண்ணாச்சி இதனைத் தம் மக்களுக்குப் பெற்றோரின் தியாகத்துக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார். அக்காட்சியை அவர் தொட்டியில் இதுவரை எவரும் கண்டதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரள ஓடைகளில் நீந்தும் ‘மிஸ் கேரளா’ என்னும் மீனுக்காக வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் ஏங்குவதை அவரிடம் சொன்னால், ‘அது இங்கனக்குள்ள கிடக்கிற மீனுதானே’ என்று ஒதுக்கிவிடுவார். கைக்கெட்டும் மீன் அவர் கண்ணுக்கு மீன் ஆவதில்லை.

டிஸ்கஸ் வாங்க அவர் சென்னை செல்லும் பயணம் ஒரு யாத்திரைக்குரிய நெறிகளை உடையது. கொளத்தூர் கலர் மீன் கடைத்தெருவில் பகல் முழுதும் சுற்றி, பேரம் பேசாது (எள்ளும் உளுந்தும் வாங்குகையில் இப்பெருந்தன்மை அவரிடம் வெளிப்படுவதில்லை) நான்கு மீன்களைத் தேர்ந்தெடுக்கிறார். பட்டினியிட்ட மீனை நெகிழிப் பையில் இட்டு, மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய இடத்தில் ஆக்ஸிஜனும் நிரப்பி, ரப்பர் வளையமிட்டு இறுக்கித் தெர்மாகோல் பெட்டியில் அடைப்பர். பொதிகை விரைவு வண்டியில் அப்பெட்டி கீழ்ப்படுக்கையில் உறங்க, அண்ணாச்சி அதன் காலடியில் விழித்திருந்து சிவகாசி வந்து சேர்கிறார்.

இனப்பெருக்கத்தில் இறங்கிய அண்ணாச்சியிடம் தொழிற்சுவடு தெளிவாகத் தெரியும். ஆஃப்செட் அச்சகத்தார் கப்பியின் வாலைக் கண்ணருகே வைத்து, ‘மெஜந்தா தூக்கலா இருக்கு, ரெஜிஸ்டர் விலகியிருக்கு’ என்பர். நான்கு நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று அச்சிடும்போது ஒரு நிறம் இடம்பெயர்ந்து விழுவதையே ரெஜிஸ்டர் விலகல் என்பது வழக்கம். பட்டாசுக்காரரோ அதே வாலைப் ‘புஸ்வாணம்’ என்றும் ‘சங்குசக்கரம்’ என்றும் வகைப்படுத்துகிறார். கப்பியின் நிறக்கூறுகள் சில தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வன என்பதை 1920-களின் தொடக்கத்தில் டென்மார்க்கு அறிஞர்கள் ஷ்மிட்டும் வின்கேயும் வெளிப்படுத்தினர். ஆலை உரிமமும் கல்லாப்பெட்டியும் செல்லும் வழியிலேயே வால் நிறமும் செல்கிறது என்பது இவ்வூரில் எவருக்கும் விளக்கம் வேண்டாத செய்தி.

ஃபைட்டர் எனப்படும் சண்டை மீனை வளர்க்கும் உட்பிரிவினர் வேறொரு பழிக்கு ஆளாகின்றனர். இரண்டு ஆண் மீன்களை ஒரு தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும் ஆகையால், ஒவ்வொன்றையும் தனித்தனிப் புட்டியில் வைக்கவேண்டும். காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு என்பதால் சிறு புட்டியிலும் பிழைத்திருக்கும். மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கும் சிறு புட்டி எது என்பதைத் தமிழ்நாட்டில் விளக்கவேண்டியதில்லை. வெற்றுக் குவார்ட்டர் புட்டிகளைச் சாக்கில் கட்டி மாடிக்குத் தூக்கிச் செல்லும் ஒழுக்கசீலரைத் தெருவார் பார்க்கும் பார்வையையும், மகளுக்கு வரன் விசாரிக்க வந்தோர் மாடிச் சுவரில் அறுபது புட்டிகள் அணிவகுத்து நிற்பதைக் கண்டு காபியை முடிக்காமல் எழுந்ததையும் எண்ணினால், இப்பிரிவினரின் உறுதி போற்றத்தக்கதே. ஆண் மீன் நாட்டு வாதுமை இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டி, முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் ஒட்டி, பெண்ணை விரட்டிவிட்டுத் தானே காவல் நிற்கும். அந்நேரத்தில் அண்ணாச்சி வீட்டில் எவரும் மாடிப்படியில் ஓசைபட ஏறக்கூடாது.

ஓசை என்றதும் தீபாவளி நினைவுக்கு வருகிறது. மீனின் உடலோரம் நெடுகச் செல்லும் பக்கக்கோடு என்னும் புலன், நீரின் சிற்றதிர்வையும் உணரவல்லது. ஆண்டு முழுதும் ‘நம்ம வெடிக்கு எட்டுத் தெரு அதிரும்’ என்று வியாபாரிகளிடம் பெருமை பேசிய அண்ணாச்சி, தீபாவளிக்கு முதல்நாள் மாலை தொட்டியைக் கம்பளியால் போர்த்து, நான்கு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து, வாசலில் பெஞ்சு போட்டு அமர்ந்துவிடுகிறார். அவ்வழியே சரவெடியோடு வரும் சிறுவரை, ‘தம்பி, அந்தத் தெருவுல போய்ப் போடுங்கய்யா, மீனு மிரளும்’ என்று கெஞ்சுகிறார். சிறுவர் தயங்கி நின்று வெடிப்பெட்டியின் மேலுள்ள லேபிளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கின்றனர். லேபிளில் இருப்பது அவர் ஆலையின் பெயர்.

மின்வெட்டு இவ்வகையினரின் தவக்காலம். 2012-ஆம் ஆண்டையொட்டித் தென் மாவட்டங்களில் நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாதிருந்த நாள்களில், காற்று பம்பு நின்றுபோன தொட்டியருகே குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி, விடிய விடியக் காற்றேற்றிய அண்ணாச்சிமார் பலர். பின்னர் இன்வெர்ட்டர் வந்தது. அதில் முதல் இணைப்பு தொட்டிக்கும், இரண்டாவது மாமியார் அறை விசிறிக்கும் தரப்பட்டன. இரண்டாவதைத் தராதிருந்தால் முதலாவது நிலைத்திராது என்பதை அவர் அறிவார்.

சிரிப்பதற்கு இடமில்லாத பழக்கம் ஒன்றும் இவர்களிடம் உண்டு. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று வாங்கிய சக்கர் மீன், தென்னமெரிக்காவைச் சார்ந்த முரட்டு இனம். அது அடிக்கணக்கில் வளர்ந்து தொட்டி கொள்ளாதபோது, கொல்ல மனம் வராமல் இருட்டியபின் கண்மாயில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். தமிழ்நாட்டின் பல ஏரிகளில் இன்று வலையைக் கிழித்துக்கொண்டு மீனவர்க்குத் தொல்லையாகப் பெருகியிருப்பது இவ்வாறு இரக்கத்தால் விடுதலை பெற்ற மீனே. இரக்கத்துக்கு அந்த இரவில் ஒரு நாட்டுக் கெண்டையும் நினைவுக்கு வராமற்போனது குற்றமே.

கப்பியின் பெருக்கமோ வேறுவகைச் சிக்கல். மாடியில் மூன்று ஃபிரிட்ஜ் பெட்டிகளும் நிரம்பியபின், அண்ணாச்சி கொடைவள்ளல் ஆகிறார். தெருப்பிள்ளைகள், பால்காரர், மின் கணக்கெடுக்க வந்தவர், மொய் எழுத வந்தவர் என எவரும் கவர் ஒன்று கையில் பெறாமல் அவ்வீட்டிலிருந்து தப்புவதில்லை. ஐப்பசியில் மலிவு விலைப் பட்டாசை எதிர்பார்த்து வரும் சென்னை உறவினருக்கு அவர் கூறுவது இது: ரயிலில் பட்டாசு கொண்டுபோவது சட்டப்படி குற்றம், நிலையத்து அறிவிப்புப் பலகை கப்பியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

டிஸ்கஸ் பெரும்பாலும் மாசி தாண்டாது. நான்காவதும் மிதந்தபின் அண்ணாச்சி இரண்டு நாள் பேசுவதில்லை. மூன்றாம் நாள், வடிகட்டியிலுள்ள நுண்ணுயிரிகள் பட்டினியால் மாளாதிருக்க ஏதேனும் ஓர் உயிர் தொட்டியில் கழிவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்னும் அறிவியல் விதி நினைவுக்கு வர, மாடியிலிருந்து ஆறு கப்பிகளைக் கொண்டுவந்து, மோட்டார் தண்ணீரையே ஊற்றி, ‘அடுத்த லோடு வர்ற வரைக்கும்’ என்று சொல்லி விடுகிறார். பேரேட்டில் டிஸ்கஸ் நான்கும் நாள், விலை, ரயில் கட்டணத்தோடு பதியப்பட்டுள்ளன. அந்த ஆறு கப்பிகளுக்கு வரவும் இல்லை, பற்றும் இல்லை. முன்னறைத் தொட்டியில் இப்போது நீந்துவது அவற்றின் எத்தனையாவது தலைமுறை என்று கேட்டால், அது தற்காலிக ஏற்பாடு என்கிறார்.